தோற்க ஆசைப்பட்ட யோகலிங்கத்தார்

திருகோணமலைத் துறைமுகத்தின் ஆழத்தை வெள்ளைக்காரன் கயிறு விட்டு அளந்துவிட்டான். யோகலிங்கத்தாரின் மூளையின் ஆழத்தை அளக்க இன்னும் கயிறு திரிக்கவில்லை. அவர் டாம் பலகைக்கு முன்னால் குந்தினால், கடல் அலையடிக்கிறதை நிப்பாட்டிவிட்டு எட்டிப் பார்க்கும். மேலே போற பருந்து, இவர் அடுத்த காயை எங்கே தள்ளுவார் எண்டு யோசிச்சு வழி மாறிப் போகும்.

இவ்வளவு பெரிய மனுஷனுக்கு இறங்குதுறையில் என்ன வேலை? வருகிற கப்பல்களின் கயிற்றைப் பிடித்துக் கட்டுவது. மிச்ச நேரமெல்லாம் டாம், எதிராளின் காயைத் தாண்டி வெட்டுகிற ஆட்டம். கட்டம் கீறின பலகை, காய்களுக்குச் சோடா மூடி.

பிறகு நெஞ்சில் புற்றுநோய் வந்தது. இனிச் சுகமாக்க ஏலாது எண்டு ஆஸ்பத்திரியில் சொல்லி வீட்டுக்கு விட்டார்கள். அதோடு சனத்துக்கு அவரோடு கதைக்கத் தெரியாமல் போயிற்று. சத்துமாப் பேணியோடு வருவார்கள். "அண்ணை, முகம் நல்லாத் தெளிஞ்சிருக்கு" என்பார்கள். முகமோ வெயிலில் போட்ட கத்தரிக்காய் மாதிரி இருக்கும். அவர் பலகையை இழுத்தால் ஒரு ஆட்டம் இருந்து, தோற்று, போய்விடுவார்கள். பக்கத்து வீட்டுப் பிரகலாதன் மூக்குக்கு முன்னால் கிடந்த வெட்டைக்கூடக் காணாதவன் போல விட்டான். மகள் லோஜினியும் தோற்றாள்.

வென்று வென்று அவருக்கு அலுத்துப்போயிற்று. ஆட்கள் போனபிறகு பலகைக்கு இரண்டு பக்கமும் அவரே விளையாடுவார். இந்தக் கை தள்ளும், அந்தக் கை வெட்டும். துறைமுகத்தில் கப்பல் ஊதினால் இரண்டு கையும் நிண்டுவிடும். அங்கே யாரோ கயிறு பிடிக்க ஓடுவான்.

நோவுக்கு மருந்து கொடுக்க ஆஸ்பத்திரித் தாதி ஸுல்பிகா மிஸ்ஸி வீட்டுக்கே வரத் தொடங்கினாள். "மிஸ்ஸி வீடு தேடி வாறா எண்டால் ஆள் நாளைக்கில்லை" எண்டு ஒழுங்கையில் கதை. அந்த மருந்தே ஆளைக் கொண்டுபோயிடும் எண்டு லோஜினியும் பயந்து பாதிதான் கொடுத்தாள்.

"இது நோவுக்குத்தான் தங்கச்சி. சொன்ன அளவில குடுங்க, பயப்படாதீங்க. நோ குறைஞ்சா அப்பா எழும்பி இருப்பார்" என்றாள் மிஸ்ஸி. பிறகு கதிரையைக் கட்டிலுக்குக் கிட்ட இழுத்தாள். "ஐயா, உங்களுக்கு என்ன வேணும்?"

இந்தக் கேள்வியை எல்லாரும் லோஜினியிடம்தான் கேட்டிருந்தார்கள்.

"ஒருக்காத் தோக்க வேணும் மிஸ்ஸி."

"என்ன?"

"ஒருத்தன் ஒழுங்கா விளையாடி என்னை வெல்ல வேணும். எல்லாரும் நான் செத்துப்போன கணக்கிலதான் விளையாடுறாங்கள்."

"அப்பிடி வெல்லக்கூடிய ஆள் இரிக்கா?"

"கிண்ணியா அலியார். என்னோட கயிறு பிடிச்சவன். எனக்கு வருத்தம் எண்டு கேட்டதிலயிருந்து ஆளைக் காணேல்லை."

மிஸ்ஸி வாசலில் நிண்டு அலியாருக்குப் போன் எடுத்தாள்.

அலியார் ஞாயிற்றுக்கிழமை வந்தார். மோட்டர்சைக்கிள் தொப்பியைக் கழற்றாமலே கதவடியில் நிண்டார்.

"என்ன மச்சான், இப்பிடி உருக்குலைஞ்சு போய்ட்டாய்?"

யோகலிங்கத்தாருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "அப்பாடா, ஒருத்தனுக்காவது கண் தெரியுது. ஏன்டா வரேல்லை?"

"வந்தா அழுதிருவன் எண்டுதான்."

"விளையாடிக்கொண்டு அழு. இரு."

அலியார் அழவில்லை, வெட்டினார். யோகலிங்கத்தார் ஒரு வெட்டைக் காணாமல் விட, வெட்டியிருக்க வேண்டிய மூடியை அலியார் எடுத்து உள்ளங்கையில் வைத்து 'பூ' எண்டு ஊதி முற்றத்தில் பறக்கவிட்டார். வெட்டாமல் விட்ட காய்க்கு அதுதான் இறங்குதுறைச் சட்டம்.

"கண்ணாடி வாங்கித் தரட்டா மச்சான்?"

"வாயை மூடி விளையாடடா, கள்ளா!" கன காலத்துக்குப் பிறகு வந்த கோபம். சோறு மாதிரி ருசித்தது.

பாதி ஆட்டத்தில் இருமல் பிடித்தது. யோகலிங்கத்தார் துவாயை வாயில் பொத்திக் குனிந்து கிடந்தார். நிமிர்ந்தபோது அலியாரின் முறை. நடுப் பலகையில் நல்ல வெட்டு ஒன்று வாய் திறந்து கிடந்தது. அலியார் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, மூலையில் கிடந்த வேறு மூடியைத் தள்ளினார்.

அலியார் வெட்டாமல் விட்ட அந்த மூடியை யோகலிங்கத்தார் எடுத்து உள்ளங்கையில் வைத்து ஊதினார். மூடி அசையவில்லை. இன்னொருக்கா ஊதினார். காற்றே வரவில்லை.

கையை நீட்டி அலியாரின் வாய்க்குக் கிட்டப் பிடித்தார்.

"எனக்கு மூச்சுக் காணாது. நீயே ஊது."