ஓர் ஆணி இடைவெளி

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படியேறிய முதல் ஆள் நான். 1991இல் நாலாம் வகுப்பு. கையில் ஓர் அடி ஸ்கேல் இருந்ததால், சேரப்பணஞ்சேரியில் எழும்பிக்கொண்டிருந்த எங்கள் வீட்டுக்கு நானே இன்ஜினியர் என்ற நினைப்பு.

ஓட்டுக்கு அடியில் பலகை அடிக்கும் யோசனை மாமாவுடையது. அம்மாவின் தம்பியான அவர், ஹைவே ஓரத்துக் கம்பெனி ஒன்றில் பேக்கிங் வேலை பார்த்தார். இயந்திரங்கள் வந்திறங்கிய பெட்டிகளின் பிளைவுட் அங்கே மலிவாகக் கிடைத்தது. ஷிப்ட் முடிந்ததும் வந்து கூரையேறிவிடுவார். பலகையின் ஓரம் அந்தரத்தில் நிற்கக் கூடாது, மரச்சட்டத்தின் மேல் உட்கார வேண்டும் என்பார். சட்டம் இல்லாத இடத்தில் குறுக்குக் கட்டை கொடுத்தார். இரண்டு பலகைகளுக்கு நடுவே ஓர் ஆணியை நிறுத்தி, அதன் கனத்துக்கு இடம் விட்டு அடித்து, பிறகு ஆணியை உருவிக்கொள்வார். அந்த ஆணி அடிக்கடி கீழே விழும். அப்பாவின் தங்கையான அத்தைதான் எடுத்துக் கொடுப்பாள். ஒரே ஆணி ஏன் அத்தனை முறை விழுந்தது என்று இன்ஜினியர் யோசிக்கவில்லை.

அப்பாவுக்கு அந்த இடைவெளி பொறுக்கவில்லை. ஐப்பசியில் படப்பைப் பக்கத்திலிருந்து அத்தையைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது.

"இன்னா மச்சான், வூடு கட்டச் சொன்னா சல்லடை கட்டிகினு கீற?"

"மழைக்கு மரம் உப்பும் மாமா. எடம் இல்லன்னா ஒன்ன ஒன்னு முட்டி எழும்பிக்கும்."

"ஓட்ட வூட்டுப் பொண்ணுன்னு பேரு வாங்கவா? மீதிய நான் பாத்துக்கறேன். நீ போயி உன் ஓ.டி.ய பாரு."

மாமா ஒருமுறை கீழே பார்த்துவிட்டு இறங்கிப் போனார். மீதிப் பாதியை அப்பாவே அடித்தார். பலகைகளை இடித்து நெருக்கி, இம்மியும் இடமில்லாமல். என் ஸ்கேலின் விளிம்புகூட நுழையவில்லை. நான் அப்பாவுக்கே முழு மார்க் போட்டேன்.

ஓடு வேய்ந்து, குடிபுகுந்து, மழையும் பிடித்துக்கொண்டது. அப்பா அடித்த பாதியில் பலகைகள் உப்பி, முட்டிக்கொண்டு, கூன் போட்டு எழும்பின. மேலே ஓடுகள் விலகி ஓரிடத்தில் சொட்டியது. அத்தை அங்கே ஒரு குண்டான் வைத்தாள். "ரெண்டு வெயில் அடிச்சா படிஞ்சிடும்" என்றார் அப்பா.

பெண் பார்க்கும் நாளில் பளிச்சென்று வெயில். அத்தை குண்டானை எடுத்து உள்ளே வைத்தாள். நான் பாயை மாமா அடித்த பாதிக்குக் கீழே விரித்தேன். அவள் அதைச் சுருட்டிக்கொண்டு போய், குண்டான் இருந்த இடத்தில் விரித்தாள்.

"அங்க சொட்டும் அத்தே!"

"வெயிலு இப்டி காயுது, சொட்டுமாம். காக்கா வந்து ஊத்துமா? போயி பொஸ்தகத்த எட்த்துப் படிடீ."

மாப்பிள்ளையின் அப்பா அந்தப் பாயில் உட்கார்ந்தார். "கூர நானே அடிச்சது. எறும்பு பூராது" என்று அப்பா சொல்லிக்கொண்டிருக்கும்போதே வெளியே இருட்டிக்கொண்டு கொட்டியது. முதல் சொட்டு மாப்பிள்ளையின் அப்பாவுடைய காபியில் விழுந்தது. இரண்டாவது, வழுக்கையில். அவர் நிமிர்ந்து, கூன் போட்ட பலகையைப் பார்த்தார்.

"எறும்பு பூராதுன்னீங்க. ஏரியே பூந்துகினு கீதே!"

சொல்லியனுப்புவதாகச் சொல்லிப் போனார்கள். சொல்லியனுப்பவில்லை.

மழை விட்டதும் அப்பா, மாமாவின் முகத்தைப் பார்க்காமல், "கழட்டி நீயே அடி" என்றார். மாமா அடித்தார். ஆணியும் வழக்கம்போல விழுந்துகொண்டே இருந்தது. தை மாதம் வல்லக்கோட்டை முருகன் கோயிலில் மாமாவுக்கும் அத்தைக்கும் கல்யாணம். பின்னால் நான் தண்டலத்தில் சிவில் படித்தேன். பலகை ஓரங்களுக்கு விட வேண்டிய இடைவெளியைப் பாடமாக நடத்தியபோது, வகுப்பிலேயே சிரித்துவிட்டேன்.

ஆனால் பெண் பார்க்க வந்த அன்றைக்கு எனக்கு அத்தையின் மேல் பரிதாபம்தான் வந்தது. ராத்திரியெல்லாம் தானே குண்டான் வைத்த இடத்தையே மறந்துபோய், அங்கே பாயை விரித்துவிட்டாளே! நாலு எழுத்துப் படித்திருந்தால் இப்படி ஆகியிருக்குமா?