ஊமத்தம்பூவும் என் வலது கண்ணும்

பிரதோஷத்துக்கு மறுநாள் காலை, சவரம் செய்யக் கண்ணாடி முன்னால் நின்றபோதுதான் அதைப் பார்த்தேன். கண்ணுக்கு நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு இருக்குமே, அது எனக்கு இரண்டு கண்ணிலும் இரண்டு அளவில் இருந்தது. இடது பக்கம் மிளகு. வலது பக்கம் பட்டாணி.

சோப்பு நுரையோடு மனைவியைக் கூப்பிட்டேன். அவள் வந்து பார்த்தாள். கையில் இருந்த கரண்டி கீழே விழுந்தது.

"இன்னாங்க இது, அந்தக் கண்ணு வேற யாரோ ஆளோட கண்ணு மாதிரி கீது!"

நாங்கள் இருப்பது நெமிலிச்சேரி ஸ்டேஷன் பக்கம். நான் எட்டாவது வரை படித்தவன். திருமழிசையில் ஒரு சின்னக் கம்பெனியில் பிரஸ் மிஷின் ஓட்டுகிறேன். மாடியில் மனைவியின் தம்பி குடியிருக்கிறான். சத்தம் கேட்டு அவனும் இறங்கி வந்து, செல்போன் டார்ச்சை என் கண்ணில் அடித்தான். இடது கண் சுருங்கியது. வலது கண் அப்படியே இருந்தது.

"மாமா, இந்தக் கண்ணு லைட்ட மதிக்கவே மாட்டேங்குது. நான் போன்ல பாத்துக்கீறேன். இது மூளை சமாச்சாரம். சட்டைய மாட்டு, கெளம்பு."

பாதி முகம் சவரம், பாதி முகம் தாடி. அப்படியே ஆட்டோவில் ஏற்றினார்கள். வெயில் வலது கண்ணில் ஊசி மாதிரி குத்தியது. துண்டால் மூடிக்கொண்டு ஆவடியில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

அங்கே இருந்த டாக்டர் கையைத் தூக்கச் சொன்னார், தூக்கினேன். நாக்கை நீட்டச் சொன்னார், நீட்டினேன். சிரிக்கச் சொன்னார். அந்த நேரத்தில் எனக்கு எப்படிச் சிரிப்பு வரும்?

"சிரிப்பு வரல," என்று டாக்டர் கவலையோடு எழுதிக்கொண்டார்.

"அவரு எப்பவுமே சிரிக்க மாட்டாரு டாக்டர். கல்யாண போட்டோல கூட அப்படித்தான்," என்றாள் மனைவி.

டாக்டர் எழுதியதை அடித்தார். பிறகு எங்களை உட்காரவைத்து நிதானமாகச் சொன்னார். மூளையில் ரத்தக்குழாய் ஏதாவது உப்பி, கண்ணுக்கு வருகிற நரம்பை அழுத்துகிறதோ என்று சந்தேகம். படம் எடுக்கவேண்டும். அப்படித்தான் என்றால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, தலையைத் திறக்க வேண்டியிருக்கும். படம் எடுக்கிற இடத்தில் கூட்டம். அதற்குள் கண் டாக்டரும் ஒருமுறை வந்து பார்ப்பார்.

தலையைத் திறப்பது என்ற சொல்லை மச்சான் காதில் போட்டிருக்கக்கூடாது. வராந்தாவில் நின்றுகொண்டு சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போன் போட்டான். கொரட்டூர் பெரியம்மா என்னிடம் பேசியே ஆகவேண்டும் என்று அழுதாராம். போனைக் காதில் வைத்தேன்.

"நைனா, கடைசியா இன்னா சாப்பிட ஆசைப்படறே, சொல்லு."

நானும் யோசித்துப் பார்த்து, "வெங்காய வடை," என்றேன். போனை வைத்தபிறகு வெட்கமாகப் போய்விட்டது. தினமும் திருநீறு பூசுகிறவன், உயிர் போகிற நேரத்தில் சாமி பேர் சொல்லாமல் வடை கேட்டேனே என்று.

கண் டாக்டர் வந்தார். சின்ன வயசு அம்மா. கண்ணுக்குள் ஏதோ கருவி வைத்துப் பார்த்துவிட்டுக் கேள்வியாய்க் கேட்டார்.

"கண்ணுக்குச் சொட்டு மருந்து ஏதாவது போட்டீங்களா?"

"இல்லம்மா."

"கம்பெனியில கெமிக்கல் ஏதாவது தெறிச்சுதா?"

"நேத்து லீவும்மா."

"வேற எதையாவது கையில தொட்டு வேலை செஞ்சீங்களா?"

"ஒரு வேலையும் செய்யலம்மா. சாமி கும்பிட்டேன், சாப்பிட்டேன், படுத்தேன்."

நான் பொய் சொல்லவில்லை. சாமிக்குச் செய்கிறதை வேலை என்று சொல்லும் வழக்கம் எனக்கு இல்லை. அவ்வளவுதான்.

அந்த நேரம் பார்த்து, கதவுக்குப் பக்கத்தில் நின்றிருந்த என் மனைவி கண்ணை மூடி, கையைத் தலைக்குமேல் கூப்பி, வாய்விட்டே வேண்டிக்கொண்டாள்.

"ஈஸ்வரா, இவரு தலையில கத்தி படாம காப்பாத்திக் குடுப்பா. அடுத்த பிரதோஷத்துக்கு நூத்தியெட்டு ஊமத்தம்பூவுல மாலை கட்டி, என் கையாலயே கொண்டாந்து சாத்தறேன்."

டாக்டரம்மா சட்டென்று திரும்பினார். "என்ன பூ சொன்னீங்க?"

"ஊமத்தம்பூ டாக்டர். சிவனுக்கு ரொம்ப இஷ்டம்."

"நேத்து பிரதோஷத்துக்கு யார் பறிச்சது?"

பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி கையைத் தூக்கினேன்.

தண்டவாளத்து ஓரம் காலி மனையில் அந்தச் செடி நிறைய இருக்கிறது. மாதம் இரண்டு பிரதோஷத்துக்கும் நான்தான் பறிப்பேன். அன்றைக்கு மழையில் செடியெல்லாம் சாய்ந்து கிடந்தது. காம்பைக் கசக்கி, ஒடித்துப் பிடுங்கவேண்டியிருந்தது. கையெல்லாம் சாறு. நெற்றி வியர்வை வலது கண்ணில் இறங்க, கட்டைவிரலால் நன்றாகத் தேய்த்துவிட்டேன். ஊமத்தங்காயைத் தின்றால் புத்தி பேதலிக்கும் என்று எங்களுக்குத் தெரியாதா? தொட்ட கை கண்ணில் பட்டால் இப்படியாகும் என்றுதான் தெரியாது.

டாக்டரம்மா முகத்தில் விளக்குப் போட்டமாதிரி ஆகிவிட்டது. "ஒரு சொட்டு விட்டுப் பார்க்கலாம். இது பொட்டைச் சுருக்குற மருந்து. நரம்பு அழுந்தியிருந்தா இந்த மருந்துக்குச் சுருங்கிடும். ஊமத்தை பட்டிருந்தா சுருங்காது. சுருங்காம இருந்தாத்தான் நமக்கு நல்லது." ஒத்துப் பார்க்க இரண்டு கண்ணிலும் விட்டுவிட்டுப் போனார்.

முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். மருந்து பலிக்கக்கூடாது ஈஸ்வரா என்று நான் மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் மனைவி, "சுருங்கணும், சுருங்கணும், நமசிவாய," என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். டாக்டர் சொன்னது அவளுக்குப் புரியவில்லை. புருஷனும் பெண்டாட்டியும் ஒரே சாமியிடம் எதிரெதிராக வேண்டினால் அவர்தான் என்ன செய்வார்?

டாக்டரம்மா வந்து பார்த்தார். இடது கண் மிளகிலிருந்து கடுகாகிவிட்டது. வலது கண் பட்டாணியாகவே இருந்தது.

"மருந்து வேலையே செய்யல!" என்று கையைத் தட்டிச் சிரித்தார்.

என் மனைவி, "ஐயோ, மருந்தும் கைவிட்டுட்ச்சே!" என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளை எழுப்பி உட்காரவைக்கவே ஐந்து நிமிஷம் ஆனது.

அதற்கப்புறம் டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். நம் உடம்பில் நாம் சொல்லாமலே வேலை பார்க்கிற நரம்புகள் இருக்கின்றனவாம். நெஞ்சு துடிப்பது, எச்சில் ஊறுவது, சாப்பிட்டது செரிப்பது, வெளிச்சம் பட்டால் கண் சுருங்குவது எல்லாம் அதுகளின் வேலை. கண்ணைச் சுருக்கச் சொல்லி நரம்பிலிருந்து ஒரு சரக்கு வரும். அது உட்காரத் தசையில் ஒரு இடம் உண்டு. ஊமத்தைச் சாறு அந்த இடத்தில் முன்னாடியே போய் உட்கார்ந்துகொள்ளுமாம். அப்புறம் நரம்பு சொன்னாலும் சரி, சொட்டு மருந்து சொன்னாலும் சரி, தசைக்குச் சேதி போகாது.

மச்சான்தான் அதை எனக்குப் புரிகிறமாதிரி சொன்னான். "அதாவது மாமா, பூந்தமல்லில பஸ் வர்றதுக்குள்ள ஊமத்தை ஜன்னல் வழியா துண்டு போட்டு சீட்டு புடிச்சிட்ச்சு. டாக்டரோட மருந்து டிக்கெட் எடுத்துகினு படிக்கட்டுல தொங்குது."

"கரெக்ட்," என்றார் டாக்டரம்மா. "நாலஞ்சு நாள்ல துண்டை எடுத்துக்கிட்டு அதுவே இறங்கிடும்."

மனசு திருப்திக்குப் படமும் எடுத்தார்கள். சுத்தமாக இருந்தது. தலையைத் திறக்கிற பேச்சு அதோடு முடிந்தது. நான் கேட்காமலே எனக்குள்ளே இத்தனை வேலை நடக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். செய்கிறவன் யார் என்று எனக்கு முன்னாலேயே தெரியும். அவன் கையாளுக்கு நரம்பு என்று பெயராம்.

ஆனால் நூற்றியெட்டு பூ பாக்கி இருந்ததே!

"வேற பூவா மாத்திக்கலாமே," என்றேன்.

"வேண்டிக்கினது வேண்டிக்கினதுதான். அந்தப் பூவச் சொன்னதாலதான டாக்டர் திரும்பினாங்க? நான் மல்லின்னு சொல்லியிருந்தா இந்நேரம் உங்க மண்டையத் தொறந்திருப்பாங்க."

அடுத்த பிரதோஷத்துக்குக் கடையில் புது ரப்பர் கையுறை வாங்கி, மஞ்சள் தண்ணீரில் முக்கி எடுத்து, திருநீறு வைத்துக் கொடுத்தேன். மச்சான் ஹெல்மெட் போட்டு, கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு பூ பறித்தான். ரயிலில் போனவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப்பார்த்தார்கள். அவள் கையுறையோடு உட்கார்ந்து ஒவ்வொரு பூவாகக் கட்டினாள். மாலையை அந்தக் கையாலேயே குருக்களிடம் நீட்டி, விஷயத்தையும் சொன்னாள். அவர் வாழையிலையில் வாங்கிக்கொண்டார்.

தீபாராதனை காட்டும்போது அவளுக்கு அழுகை பொங்கி வந்தது. என் உயிரைச் சாமியிடம் கேட்டு வாங்கியவள் அல்லவா. கன்னமெல்லாம் கண்ணீர். சாமியை விட்டுப் பார்வையை எடுக்காமல், கழற்ற மறந்த கையுறையாலேயே இடது கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் "ஏய்!" என்று கத்தினேன். மணிச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை.

மறுநாள் காலை கண்ணாடியைப் பார்த்துவிட்டு, அமைதியாகத்தான் சொன்னாள்.

"ஏங்க, எனக்கும் சீட்டு புடிச்சிட்ச்சு."

டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். "நீங்களுமா?" என்று தலையில் கைவைத்துக்கொண்டார். சொட்டு மருந்தை எடுக்கவே இல்லை.

ஐந்து நாள் அவளுக்குக் கிட்டத்துப் பார்வை மங்கல். என் கண் அதற்குள் சரியாகிவிட்டதால், அரிசியில் கல் பொறுக்கும் வேலை எனக்கு வந்தது. அவள் வெளிச்சம் கூசி இரண்டு கண்ணையும் இடுக்கிக்கொண்டு எதிரில் உட்கார்ந்து, "அதோ ஒரு கல்லு கீது பாருங்க," என்று காட்டிக்கொண்டிருந்தாள். கல் இல்லாத இடமாகப் பார்த்துத்தான் காட்டினாள். நானும் பொறுக்குகிறமாதிரி பொறுக்கினேன்.