மூன்றாவது கம்பம்

நாற்பத்தெட்டு வயதில் என் எடை நூற்றுப் பதினான்கு கிலோ. சர்க்கரை வந்துவிட்டது, முழங்காலும் போய்விட்டது. "நடக்க முடியலன்னா சைக்கிள் ஓட்டுங்க. வடை, பஜ்ஜி பக்கம் போகாதீங்க" என்றார் டாக்டர். பத்தாம் வகுப்போடு விட்ட சைக்கிளை மறுபடி தொட்டது அப்படித்தான்.

வீட்டில் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவச சைக்கிள் இருந்தது. அவள் காலேஜ் பஸ்ஸில் போக ஆரம்பித்த பிறகு மாடிப்படிக்கு அடியில் கிடந்தது. முன்னால் கூடை வைத்த லேடீஸ் வண்டி. நான் ஓட்டிய நான்காம் நாள் பின் சக்கரம் கோணிக்கொண்டது. இரும்புலியூர்ப் பக்கம் ஒரு சைக்கிள் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். கடைக்காரர் சக்கரத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"சார், இது ஸ்கூல் பசங்க வெயிட்டுக்குக் குடுத்த வண்டி. அது இன்னா பாவம் பண்ணிச்சு?"

உள்ளே இருந்து வேறொரு பழைய வண்டியை அவரே எடுத்து வந்தார். வீட்டுக்கு வீடு கேஸ் சிலிண்டர் போடுகிறவர் விற்றுவிட்டுப் போனதாம். "இதுல ரெண்டு சிலிண்டர் மாட்டிக்கினு போவாங்க சார். உங்கள தூக்காதா?"

அங்கே நின்றிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். குண்டாக இருப்பவன் சின்ன வயதிலேயே பழகிக்கொள்கிற வேலை அது. சீட்டை அடிமட்டத்துக்கு இறக்கச் சொன்னேன், கால் தரையில் எட்ட வேண்டும், விழுந்துவிடுவேனோ என்ற பயம். "மிதிக்கறதுக்குப் பலமே வராது சார், முட்டி வலிக்கும்" என்றார். நான் மறுபடி தரையைக் காட்டியதால் இறக்கிக் கொடுத்தார்.

வீடு கிழக்குத் தாம்பரத்தில். வேலை மேற்கே ஒரு பெயிண்ட் கடையில், ஸ்டாக் எழுதுவது. நடுவில் ரயில் பாதைக்கு மேலே மேம்பாலம். முதல் நாள் முதல் விளக்குக் கம்பத்திலேயே மூச்சு வாங்கி இறங்கித் தள்ளினேன். ஒரு வாரம் கழித்து இரண்டாவது கம்பம். கால் ஊன்றாமல் ஒரு தடவையாவது உச்சிக்கு ஏறிவிட வேண்டும், அது ஒன்றுதான் ஆசை. மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

பாலம் ஏறுகிற இடத்தில் ஒரு டீக்கடை. ஆட்டோக்காரர்கள் நான்கைந்து பேர் எப்போதும் இருப்பார்கள். ஒரு மாலை மழைக்கு அங்கே ஒதுங்கினேன். டீ மாஸ்டர் பக்கத்தில் வந்தார்.

"சார், தப்பா நெனச்சிக்காத. நாளிக்கு மூணாவது கம்பத்துல எறங்கிடு. நான் மூணுதான் சொல்லப்போறேன்."

எனக்குப் புரியவில்லை. ஓர் ஆட்டோக்காரர் கத்தினார். "யோவ் மாஸ்டர், கள்ளாட்டம் ஆடாத! சிலிண்டர் கிட்டயே போய் சொல்றியா?"

அப்புறம்தான் புரிந்தது. நான் எந்தக் கம்பத்தில் இறங்குவேன் என்று தினமும் காலையில் பந்தயம். தோற்றவர் எல்லோருக்கும் வடை வாங்கித் தர வேண்டும். எனக்கு அங்கே ஒரு பெயர் இருப்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

வேறு யாராக இருந்தாலும் கோபப்பட்டிருப்பார்கள். நான் "சரி" என்றேன்.

மறுநாள் மூன்றாவது கம்பத்துக்கு வந்தபோது என்னிடம் இன்னும் மூச்சு இருந்தது. மேலே பார்த்தேன். இன்னும் மூன்றே கம்பங்கள். இறங்கினேன். கீழே விசில் சத்தம் கேட்டது. அன்று மாலை மாஸ்டர் காசு வாங்காமல் டீ கொடுத்தார். "உனக்கோசரம் சக்கரை கம்மியா போட்டுகீறேன் சார்." சிநேகிதர்கள் இல்லாத எனக்கு அது சிநேகம் மாதிரி இருந்தது. அடுத்த நாள் ஓர் ஆட்டோக்காரர் இரண்டு என்றார், இரண்டில் இறங்கினேன். ஒரு மாதத்துக்கு மேல் இப்படியே போனது. முந்தின மாலை யார் கேட்டாரோ அவர் சொன்ன கம்பத்தில் இறங்கினேன்.

டாக்டர் ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்தார். "சைக்கிள ஓட்டுறீங்களா, தள்ளுறீங்களா?" என்று கேட்டார். நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இந்தத் தடவை எனக்குச் சிரிப்பு வரவில்லை. நேராகச் சைக்கிள் கடைக்குப் போய் சீட்டை இரண்டு அங்குலம் ஏற்றச் சொன்னேன்.

மறுநாள் காலை நான் டீக்கடையைத் தாண்டும்போது மாஸ்டர் குரல் கொடுத்தார். "சார், மூணு! மறந்துடாத!"

பழக்கத்தில் தலையாட்டிவிட்டேன். கால் நன்றாக நீண்டு மிதித்தது. மூன்றாவது கம்பம் போனது. நான்கு. "டேய், சிலிண்டர் ஏறுதுடா!" ஐந்தில் கண் இருட்டியது. ஆறாவதைத் தொட்டதும் பாலம் சமமாகிவிட்டது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழே ஒரு மின்சார ரயில் போனது. நெஞ்சு எரிந்தது. அழுகை வரும்போல இருந்தது.

மாலையில் டீக்கடைக்குப் போனேன். யாராவது ஒரு வார்த்தை சொல்வார்கள் என்று நினைத்தேன். மாஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டே கிளாசை வைத்தார்.

"இன்னா சார், தலையாட்டிட்டு ஏமாத்திட்டியே. அத்தினி பேருக்கும் வடை வாங்கிக் குடுத்தேன்."

டீயில் சர்க்கரை முழுதாக இருந்தது. காசும் வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு நான் தினமும் ஏறினேன், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சிலிண்டர் என்றுகூடக் கூப்பிடவில்லை. பதினோரு கிலோ குறைந்தது. அந்தப் பெயர் காதில் விழாதது எனக்குக் குறையாகவே இருந்தது.

சில மாதம் கழித்து ஒரு நாள் காலை, டீக்கடை ஓரத்தில் நின்றிருந்தேன். என் வயதில் ஒரு பெண், என் பழைய எடைக்குக் குறையாதவள், பள்ளிக்கூட இலவச சைக்கிளில் வந்தாள். கூடையில் சாப்பாட்டுப் பை. சீட் அடிமட்டத்தில். முட்டி ஹேண்டில்பாரில் இடிக்காத குறை. பெஞ்சில் இருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"மூணு."

"போடா, நாலு. ஸ்பீடா வருது பாரு."

அந்த முட்டி எங்கே கைவிடும் என்று எனக்குத் தெரியும். இரண்டு அங்குலம் ஏற்றினால் போதும், ஒரு மாதத்தில் உச்சிக்குப் போய்விடுவாள். அவள் எனக்கு நான்கு அடி தூரத்தில்தான் கடந்து போனாள்.

"ரெண்டு" என்றேன்.

டீ கேட்பதைத் தவிர அந்தக் கடையில் நானாக வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. எல்லோரும் திரும்பினார்கள். "சார் சொன்னா கரீட்டா இருக்கும்பா! அனுபவம்!" என்று ஒருவர் தொடையில் தட்டினார். பெஞ்சில் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்கள். உட்கார்ந்தேன்.

அவள் இரண்டாவது கம்பத்தில் இறங்கினாள். விசில் சத்தம் கேட்டுத் திரும்பினாள். நான் டீ கிளாசுக்குள் பார்த்தேன்.

மாஸ்டர் பேப்பரில் வைத்து வடையை நீட்டினார். "எடு தலைவா. நீ கெலிச்சது." சூடாக இருந்தது. முழுவதும் தின்றேன்.

"நாளிக்கு எந்தக் கம்பம்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"அந்தம்மா சீட்டை ஏத்துற வரைக்கும் ரெண்டுதான்" என்றேன்.