ஆவியில் ஓடவிருந்த கார்

சிலிபின் ஊர்ப் பெட்ரோல் நிலையத்தில் இன்று கையில் நாலு சொட்டுச் சிந்திய வாசத்தில், செம்பனைக் காடாகிவிட்ட எங்கள் ரப்பர் தோட்டத்து லயத்து வீடு நினைவில் எழுந்து வந்தது. பெட்ரோலைச் சூடாக்கி ஆவியாகக் கார்புரேட்டருக்குள் விட்டால் பாதி எண்ணெயில் தெலுக் இந்தான் போய் வரலாம் என்று அன்று அப்பா, பழைய காரின் புகைக்குழாயோடு பெட்ரோல் ஊற்ற ஒரு பிஸ்கட் டின்னைக் கட்டி, அதன் இடுக்குகளை ரப்பர் பால் பூசி அடைத்தார். சட்டையில் ஒட்டிய பாலைத் தினமும் மண்ணெண்ணெயில் கரைத்தெடுக்கும் அம்மா, "பெட்ரோல் பட்டா பால் கரைஞ்சிரும் லா" என்றாள். காதில் ரத்தம் வரும்படி அவளை அறைந்துவிட்டுக் காரைக் கிளப்பினார். எஞ்சின் உறும, டின்னைத் தொட்டுப் பார்க்கக் குனிந்தபோது அது வெடித்தது. அம்மாவை அறைந்த கை வெந்து மடங்கிப்போனது; அந்தக் கையை அதன்பிறகு அவரால் யார்மீதும் ஓங்க முடியவில்லை. பெட்ரோல் வாசம் எனக்கு இன்றும் பிடிக்கும்.