சூட்டு உடம்புக்கு ஓர் அத்தர்

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், முன்பின் தெரியாத ஒரு பெண்மணி என் கையைப் பிடித்து, மணிக்கட்டை மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்து பார்த்தார்.

அவருக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர் க்யூவில் நின்றார்கள். என் கையை முகர்வதற்கு!

ஐம்பத்தாறு வயதில் இப்படி ஒரு மரியாதை கிடைத்தால், அதை எழுதாமல் இருக்க முடியுமா? இந்த வாரம் தற்பெருமை வாரம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு வாக்குமூலம். எனக்குச் சூட்டு உடம்பு. மாரெட்பள்ளி வீட்டில் இரண்டு முழம் மல்லிகையைத் தலையில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினால், மண்டபத்தில் இறங்கும்போது அது பழுப்பாகிக் கழுத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் தெளித்துப் பார்த்தாயிற்று, ஈரத்துணியில் சுற்றி வைத்துப் பார்த்தாயிற்று, வெந்தயம் ஊறவைத்துக் குடித்தாயிற்று... ஒன்றும் நடக்கவில்லை. பூ வாடியது வாடியதுதான்.

இதை ஊரறியச் செய்தவர் பார்வதி மதினி. என் கணவரின் அக்கா. குகட்பள்ளியில் இருக்கிறார். எங்கள் இரண்டு வீட்டுக்காரர்களுக்கும் வேலை ஹைதராபாத்தில் அமைந்து, வந்து முப்பது வருஷமாகிவிட்டது. ஆனால் மதினியின் வாயில் இன்னும் திருநெல்வேலிதான். நல்ல மனுஷி, உடம்பு சரியில்லை என்றால் முதல் ஆளாகச் சுக்குக் கஷாயத்தோடு வந்து நிற்பார். ஆனால் ஒரு விசேஷம் என்று வந்துவிட்டால் போதும்.

“ஏ விஜி, ஒனக்கு என்னத்துக்கு இவ்வளவு பூ? ஒன் தலையில வச்சா வத்தலாயிரும். வத்தக்குழம்புக்குத்தான் ஆவும்!”

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வேறென்ன செய்வது?

சிரிப்போடு நின்றிருந்தால் பரவாயில்லை. ‘வாசலில் நிற்க ஃப்ரெஷ்ஷான ஆள் வேணும்’ என்று ஒரு சட்டம் போட்டார் மதினி. சந்தனம், கல்கண்டு, பன்னீர்ச் செம்போடு விருந்தாளிகளை வரவேற்பது மற்ற பெண்கள். எனக்கு ஸ்டோர் ரூம் சாவி. எங்கள் குடும்பத்தில் நடந்த அத்தனை கல்யாணங்களிலும் நாதஸ்வரத்தைக் காய்கறி மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து கேட்டவள் நான். சாவியைச் சிரித்துக்கொண்டேதான் வாங்கிக்கொள்வேன். உள்ளே வலிக்கும். வீட்டுக்காரரிடம் சொன்னால், “சாவியை நம்பிக் குடுக்கிறாளே, பெருமைதானே?” என்பார். ஆண்களுக்கு எதெல்லாம் பெருமையோ!

இப்படி இருக்கும்போதுதான் மதினியின் பையன் கார்த்திக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் ஸ்நேகா, மூன்று தலைமுறையாக ஹைதராபாத்தில் இருக்கிற தமிழ்க் குடும்பம். தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்லும். அந்தப் பெண் ஒன்றே ஒன்றுதான் கேட்டது — ரிசப்ஷன் வாசலில், வருகிறவர்களுக்கெல்லாம் கையில் அத்தர் தடவ வேண்டும். அவர்கள் வீட்டு விசேஷங்களில் அதுதான் வழக்கமாம்.

“சந்தனம் போதாதாக்கும்?” என்று மதினி முனகினார். பையன் முகத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்றார். அத்தர் வாங்கி வரும் வேலை யாருக்கு? ஸ்டோர் ரூம்காரிக்குத்தான்.

பழைய நகரத்தில், வளையல் கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்து. சந்துக்குள் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு ஒரு கடை. கடைக்காரர் பாய்க்கு அறுபதுக்கு மேல் இருக்கும். கண்ணாடி அலமாரி முழுக்கக் குட்டிக் குட்டி பாட்டில்கள்.

நான் மல்லிகை கேட்டேன். அவர் கண்ணாடிக் குச்சியால் ஒரு சொட்டு என் மணிக்கட்டில் வைத்தார். நான் என்ன செய்தேன்? நம் ஊர்ப் பழக்கம் விடுமா? சந்தனம் மாதிரி இரண்டு கையையும் வைத்து நன்றாகத் தேய்த்தேன்.

“நக்கோ நக்கோ!” என்று பாய் பதறினார். “கைக்கு ரகட்ரே மேடம்?”

ஏன் தேய்க்கிறீர்கள் என்கிறார். தேய்க்கக் கூடாதாம். வைத்துவிட்டுச் சும்மா விட்டுவிட வேண்டுமாம். உடனே முகரவும் கூடாதாம். ஒரு மணி நேரம் வெளியே சுற்றிவிட்டு வரச் சொன்னார்.

நான் எங்கே கேட்டேன்? சந்து முனைக்குப் போவதற்குள் முகர்ந்தேன். அசல் மல்லிகை... பந்தல் போட்ட மாதிரி. கூட வந்த கணவரும் நானும் சந்தோஷமாகச் சாத்துக்குடி ஜூஸ் குடித்தோம். குடித்து முடித்துவிட்டு முகர்ந்தால் — ஒன்றுமே இல்லை! ஏதோ லேசாக எண்ணெய்ப் பிசுக்கு வாசனை, அவ்வளவுதான். கணவரின் கையிலும் அதே அத்தரைத்தான் தடவியிருந்தார் பாய். அங்கே மல்லிகை இன்னும் ஜோராக இருந்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. உண்மையாகவே. பூதான் என் மேல் வாடும் என்று இத்தனை நாள் நினைத்தேன், பாட்டிலில் அடைத்த எண்ணெயையுமா வாட வைப்பேன்?

திரும்பிப் போய் பாயிடம் கையை நீட்டினேன். அவர் முகரவே இல்லை. டாக்டர் நாடி பார்ப்பது போல மணிக்கட்டைத் தொட்டார். உடனே முகமெல்லாம் சிரிப்பு.

“ஹவ்... கரம் ஹாத் ஹை ஆப்கா!”

சூடான கை! ஆக, பார்த்தவுடன் இவருக்கும் தெரிந்துவிட்டது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவரோ மேல்தட்டிலிருந்து கறுப்பாக ஒரு பாட்டிலை எடுத்தார். மெல்லிய பூ வாசனைகள் சூட்டுக் கையில் நிற்காது, ஓடிவிடும் என்றார். கனமான சரக்கு வேண்டுமாம். மூலிகை, கிராம்பு, வெட்டிவேர் எல்லாவற்றையும் நாள்கணக்கில் சேர்த்துக் காய்ச்சியதாம். ஷமாமா என்று பெயர் சொன்னார். குளிர்ந்த கையில் இது விழித்துக்கொள்ளவே அரை நாள் ஆகுமாம்.

“இஸ்கோ ஐசாச் ஹாத் ஹோனா, மேடம்.”

இதற்கு இந்த மாதிரிக் கைதான் வேணும். நான் இரண்டாவது தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன். சூட்டு உடம்பை ஒருவர் ‘வேணும்’ என்று சொல்லி இதுவரை கேட்டதில்லை, பாருங்கள்.

தடவினார். முகர்ந்தால்... நாட்டு மருந்துக் கடை! லேகிய டப்பாவைத் திறந்த மாதிரி. முகம் சுளித்தேன். ‘ஜாவ், கூம் கே ஆவ்’ என்று மறுபடியும் சுற்றிவிட்டு வரத் துரத்திவிட்டார்.

இந்தத் தடவை தேய்க்கவில்லை. அவசரப்படவும் இல்லை. பத்து நிமிஷத்தில் லேகியம் விலகிக் கிராம்பும் ஏலக்காயும் வந்தன. வளையல் பார்த்துக்கொண்டிருந்தபோது, நனைத்த வெட்டிவேர்த் தட்டியின் வாசனை. ஒரு மணி நேரம் கழித்துச் சூடான, லேசாகப் புகை கலந்த, இனிப்பு மாதிரி ஒன்று... பட்டுப்புடவை வைத்த பீரோவுக்குள் யாரோ சாம்பிராணி காட்டிய மாதிரி என்று சொல்லலாமா? சரியாகச் சொல்லத் தெரியவில்லை. கையை மூக்கிலிருந்து எடுக்க மனசில்லை என்பது மட்டும் தெரியும். வளையல் கடைக்காரம்மா வளையலை விட்டுவிட்டு, ‘ஏ அத்தர் வேசுகுன்னாரம்மா?’ என்று கேட்டாரே!

என்ன அத்தர் போட்டிருக்கிறீர்கள் என்று ஒருத்தர் என்னைக் கேட்கிறார். என்னை!

வீட்டுக்கு வந்ததும் கணவர் கொரோனா காலத்துத் துப்பாக்கி தெர்மாமீட்டரைத் தேடி எடுத்து, என் மணிக்கட்டையும் அவர் மணிக்கட்டையும் மாறி மாறிச் சுட்டுப் பார்த்தார். டிசைன் இன்ஜினீயராக இருந்து ரிட்டயர் ஆனவர், நிரூபணம் இல்லாமல் நம்ப மாட்டார். என்னுடையதுதான் ஜாஸ்தி. “இது ஒரு குறையே இல்ல விஜி. இது ஸ்பெசிஃபிகேஷன்!” என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் சொன்ன மிகச் சிறந்த காதல் வசனம் இதுதான்.

அந்தத் தெம்பில் மதினிக்கு போன் போட்டேன்.

“மதினி, ரிசப்ஷன்ல வாசல்ல நான் நிக்கேன்.”



“நீயா? அப்ப ஸ்டோர் ரூம் சாவி?”

“ஒங்க தம்பி வச்சிக்கிடுவாங்க.”

“விஜி... நான் தப்பாச் சொல்லல. மே மாச வெக்கை. வத்தப்பூவோட நீ நின்னா பொண்ணு வீட்டுக்காரங்க என்ன நெனைப்பாவ?”

“ஒருத்தர் முகம் சுளிச்சாலும் நானே உள்ள போயிருதேன் மதினி. அதுக்கப்புறம் என்னிக்குமே கேக்க மாட்டேன்.”

வாய் விட்டுவிட்டேன். போனை வைத்தபிறகுதான் உறைத்தது. தோற்றால் இனி ஆயுசுக்கும் காய்கறி மூட்டைதான்!

ஞாயிற்றுக்கிழமை. திறந்தவெளி லான். ராட்சச ஃபேன்கள் அனலை அள்ளி வீசிக்கொண்டிருந்தன. பாய் சொன்னபடி, கிளம்புவதற்கு முன்பே என் இரண்டு கையிலும் தடவிக்கொண்டுவிட்டேன். பட்டுப்புடவை, தலையில் மல்லிகை, கையில் பாட்டில். வாசலில், வாழைமரத்துக்குப் பக்கத்தில், நான்!

முதலில் வந்தது பெண் வீட்டுப் பெரியப்பா. கையை நீட்டினார். ஒரு சொட்டு வைத்தேன். உடனே முகர்ந்தார்.

சுளித்தார்.

“என்னம்மா, மருந்து மாதிரி இருக்கே?”

பின்னால் வந்த அம்மா நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். அடுத்தவர் என்னைப் பார்க்காத மாதிரி நழுவினார். தூரத்தில், மேடைக்குப் பக்கத்தில் நின்ற மதினி இதைப் பார்த்துவிட்டார். பட்டுப்புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு புறப்பட்டும் விட்டார். ஒரு மணி நேரம் கழித்துப் பிரமாதமாக இருக்கும் என்று சொல்லி என்ன பிரயோஜனம்? கல்யாணத்துக்கு வந்தவரை, ‘போய்ச் சுற்றிவிட்டு வாருங்கள்’ என்று பாய் மாதிரி விரட்ட முடியுமா?

அப்போதுதான் என் கையே எனக்கு ஞாபகம் வந்தது.

அந்த ஒரு மணி நேரத்தைத்தான் நான் கையோடு கொண்டுவந்திருக்கிறேனே! பெரியப்பாவின் மூக்கருகே மணிக்கட்டை நீட்டினேன். “இப்ப உங்க கையில இருக்கிறது ஆரம்பம்தாங்க. நீங்க சாப்பிட்டு முடிக்கிறப்ப இப்படி ஆகும். பாருங்க.”

முகர்ந்தார். இன்னொரு தடவை முகர்ந்தார். திரும்பி, “ஏய், இங்க வா! இதைப் பாரு!” என்று மனைவியைக் கூப்பிட்டார்.

அவ்வளவுதான். பிடித்துக்கொண்டது. கையை இழுத்துக்கொண்ட அம்மா இரண்டு கையையும் நீட்டினார். நழுவியவர் திரும்பி வந்தார். என் மணிக்கட்டை முகர்வது, ‘அடடா’ என்பது, தன் கையை நீட்டுவது — க்யூ கார் பார்க்கிங் வரை போனது. மதினி பாதி வழியிலேயே நின்றுவிட்டார். கல்யாணப்பெண் மேடைக்குப் போகிற வழியில் ஓடி வந்து, “அத்தை, நாக்கு கூடா பெட்டண்டி!” என்று கையை நீட்டியது. எனக்கும் வையுங்கள் என்கிறது. இரண்டு சொட்டாக வைத்தேன்.

அதோடு முடியவில்லை. சாப்பிட்டுவிட்டு வந்த பெரியப்பா, வழிநெடுகத் தன் கையைத் தானே முகர்ந்துகொண்டு வந்தார். “நீங்க சொன்ன மாதிரியே ஆயிடுச்சும்மா!” என்றார். ஜெயித்தேன் என்று கூவ வேண்டும் போலிருந்தது. கூவவில்லை. பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

கூட்டம் குறைந்ததும் மதினி வந்தார்.

“கலியாணத்துக்கு வந்தவங்க எம் பிள்ளையப் பத்திப் பேசாம, ஒன் அத்தரப் பத்தியே பேசுதாவ,” என்றார். பிறகு வேறெங்கோ பார்த்துக்கொண்டு கையை நீட்டினார். “சரி, எனக்கும் ஒரு சொட்டு வையி.”

வைத்தேன். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்சத்துக்கு ஒருதரம் முகர்ந்தார். கால் மணி நேரம் போயிருக்கும்.

“ஏ விஜி, எனக்கு இன்னும் லேகியந்தான் அடிக்கி. ஒனக்கு மட்டும் எப்டி?”

மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தேன். பானைத் தண்ணீர் மாதிரிச் சில்லென்று இருந்தது, அந்த வெக்கையிலும்! அவர் தலையில் பூ வாடாத ரகசியம் இதுதானா?

வசனம் தொண்டை வரை வந்துவிட்டது. சொல்லாமல் விட்டிருக்கலாம் என்கிறீர்களா? நான் என்ன மகானா?

“உங்க உடம்பு அப்படி மதினி. ஒண்ணும் பண்ண முடியாது!”

மதினி என்னைப் பார்த்தார். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதோடு ஒரு யோசனையும் வந்தது. அவர் மணிக்கட்டை என் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து, தேய்க்காமல், சும்மா பொத்திப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் விடவே இல்லை.

“இப்பப் பாருங்க.”

முகர்ந்தார். கண் விரிந்தது.

“ஏ, வந்துட்டுட்டி! கிராம்பு வந்துட்டு!” என்று சின்னப் பெண் மாதிரிக் கத்தினார். கையை மறுபடியும் என்னிடம் நீட்டினார். “விடாத. இன்னும் கொஞ்ச நேரம் பிடிச்சிக்கோ.”

முப்பது வருஷமாக இந்தக் குடும்பம் என்னை மல்லிகையை வைத்தே பரீட்சை பண்ணி ஃபெயில் போட்டிருக்கிறது. பாடத்தை மாற்றிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. சொல்லப்போனால், எனக்கே தோன்றவில்லை என்பதுதான் வெட்கம்.

கையைப் பிடித்துக்கொண்டிருந்தபோது போட்டோகிராபர் எடுத்த படம் நேற்று வந்தது. மதினி தலையில் பூ ஜம்மென்று இருக்கிறது. என் தலையில் வழக்கம்போல வற்றல்.

பெரிசாக்கி ஃப்ரேம் போடக் கொடுத்திருக்கிறேன்!