பன்னிரண்டு வரை எண்ணினேன்

எனக்குச் சொந்தமாகக் கிடைத்த முதல் புத்தகத்துக்கு மேலுறை இல்லை. முதல் ஆறு பக்கங்களும் இல்லை. கடல்நீர் ஏன் உப்புக் கரிக்கிறது என்பதற்கான பதிலின் பாதியிலிருந்து அது தொடங்கியது. மாற்றலாகிப் போன ஆசிரியை ஒருவர் வகுப்பறை அலுமாரியைக் காலி செய்தபோது, நாள் தவறாமல் பள்ளிக்கு வருகிறவள் என்று எனக்குத் தந்தார். பிள்ளைகள் கேட்கக்கூடிய கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் அடங்கிய புத்தகம். மொத்தம் நூற்றுப் பதினொரு கேள்விகள். எண்ணி, பின்பக்கத்தில் எழுதி வைத்திருந்தேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. நமுனுகுல மலைச்சரிவுத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் குடியிருந்தோம். அப்பாவின் தங்கையும் எங்களோடுதான் இருந்தார். வீட்டில் அந்தப் புத்தகத்தைக் காதுகொடுத்துக் கேட்டவர் அத்தை மட்டுமே.

“யான ஏன் தாவாதுன்னு தெரிஞ்சுக்கிட்டு என்னடி பண்ணப்போற?” என்பார். ஆனாலும் முழுப் பதிலையும் கேட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பார். ஒருநாள், “நம்ம கங்காணிக்குச் சாயந்தரமானா ஏன் காது கேக்குறதில்லன்னு அதுல போட்டிருக்கா பாரு” என்றார். நான் எல்லாப் பக்கங்களையும் புரட்டிப் பார்த்து, இல்லை என்றேன். அத்தை வெகுநேரம் சிரித்தார்.

நாற்பத்தோராம் பக்கத்தில் மின்னலைப் பற்றிய கேள்வி இருந்தது. மின்னல் தெரிந்ததிலிருந்து இடி கேட்கும் வரை வினாடிகளை எண்ணி, மூன்றால் வகுத்தால் அது எத்தனை கிலோமீட்டர் தூரத்தில் விழுந்தது என்று தெரியும். பள்ளிக்கூடக் கடிகாரத்தின் முன்னால் நின்று, வினாடிக்குச் சரியாக எண்ணப் பழகினேன். அந்த ஐப்பசியில் இடி இடித்தால் லயத்துப் பெண்கள் என்னைத்தான் தேடினார்கள்.

ஒரு நாள் பின்னேரம், அத்தை கொழுந்து பறிக்கும் மலைக்குத் தேத்தண்ணிப் போத்தல் கொண்டு போனேன். நமுனுகுல உச்சி கறுத்திருந்தது. மழை இன்னும் இறங்கவில்லை. பெண்கள் கொழுந்து பறிப்பதை நிறுத்திவிட்டுக் கங்காணியைப் பார்த்தபடி நின்றார்கள்.

“போறவுங்க போங்க. நான் யாரையும் புடிச்சு வைக்கல. நிறுவைக்குக் கொறஞ்சா அரைப்பேருதான்” என்றார் கங்காணி.

குறித்த எடை பறித்தால்தான் முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம். அத்தைக்கு இன்னும் மூன்று கிலோ தேவைப்பட்டது.

தூரத்தில் மின்னியது. “எண்ணுடி” என்றார் அத்தை.

எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். நான் பன்னிரண்டு வரை எண்ணினேன். இடி கேட்டது.

“நாலு கிலோமீட்டர்.”

“கேட்டுக்கிட்டீங்களா? பக்கத்துத் தோட்டத்துக்கும் அந்தப் பக்கம்” என்று அத்தை மற்றவர்களிடம் சொல்லிவிட்டு தேயிலைச் செடி நிரைக்குள் இறங்கினார். மற்றவர்களும் இறங்கினார்கள். அடுத்த மின்னலுக்கு ஒன்பது வந்தது. மூன்று கிலோமீட்டர், இன்னும் தூரம்தான் என்று நானாகவே சத்தமாகச் சொன்னேன். யாரும் என்னிடம் கேட்டிருக்கவில்லை.

மூன்றாவதை எண்ண முடியவில்லை. வெளிச்சமும் சத்தமும் ஒன்றாகவே வந்தன. நிரையின் நடுவில் நின்ற சவுக்கு மரம் மேலிருந்து கீழ்வரை பிளந்தது. அதற்குப் பத்தடி தள்ளி அத்தை விழுந்து கிடந்தார். கூடைக் கயிறு நெற்றியிலேயே இருந்தது. கொழுந்து சிந்தியிருந்தது.

படங்குச் சாக்குத் துணியில் கிடத்தி நான்கு பெண்கள் கீழே தூக்கி வந்தார்கள். தோட்டத்து லொறியில் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஒன்பது நாள் அங்கே இருந்தார்.

அந்த ஒன்பது நாளும் நான் நாற்பத்தோராம் பக்கத்தைப் படித்தேன். அதில் தவறு எதுவும் இல்லை. விழுந்துவிட்ட மின்னலின் தூரத்தைத்தான் அது சொன்னது. அடுத்தது எங்கே விழும் என்ற கேள்வியே அதில் இல்லை. காணாமற்போன ஆறு பக்கங்களில் அது இருந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். பிறகு புத்தகத்தை விறகுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். அம்மா என் தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு முகத்தைப் பார்க்காமல் போனார்.

அத்தை திரும்பி வந்தார். இடது காது முற்றாகக் கேட்கவில்லை. நான் கதவோரம் நின்றேன்.

“இந்தப் பக்கம் வா. புத்தகம் எங்க?”

“எரிச்சிட்டேன்.”

“பொய் சொல்லாத. போய் எடுத்துட்டு வா.”

கொண்டுவந்து கொடுத்தேன். ஒட்டியிருந்த தூசியை முந்தானையால் துடைத்து என் மடியில் வைத்தார்.

“நல்லாக் கேட்டுக்க. நீ நாலு கிலோமீட்டர்னு சொன்னாலும் நின்னுருப்பேன், நாலடின்னு சொன்னாலும் நின்னுருப்பேன். எனக்கு மூணு கிலோ கொறஞ்சிருந்துச்சு. அம்புட்டுத்தான்.”

அப்படியானால் என்னை எதற்கு எண்ணச் சொன்னார்? அத்தனை பேர் முன்னால் நான் அவ்வளவு சரியாக எண்ணியதற்கு ஒரு மதிப்பும் இல்லையா? அத்தை என்னையும் நம்பவில்லை, என் புத்தகத்தையும் நம்பவில்லை என்றுதான் அன்று எனக்குப் பட்டது. ஆத்திரத்தில் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் கூப்பிட்டுப் பதில் சொல்லியே ஆகவேண்டி வந்தபோதெல்லாம், அவருடைய இடக்காதுப் பக்கமாகப் போய் நின்று சொன்னேன்.