பாத்தியில் போட்ட கச்சான்

போர் முடிந்து சில ஆண்டுகளான பிறகு, புத்தளத்தில் இருந்த எங்கள் பல்கலைக்கழகக் கற்கை நிலையத்துக்குத் தலைமையகத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. தமது கற்பித்தல் எல்லா மாணவரையும் உள்ளடக்கியதா என்று விரிவுரையாளர் ஒவ்வொருவரும் அதில் நிரப்ப வேண்டும். சேர்த்து அனுப்புவது இணைப்பாளரான என் வேலை. எட்டுப் பேரும் 'ஆம்' என்ற கட்டத்தில் சரி போட்டுத் தந்தார்கள். இரசாயனவியல் முதுநிலை விரிவுரையாளர் மட்டும், சரி போட்டு முடித்த பிறகு, ஒரு சந்தேகம் கேட்டார். அவர் மலைநாட்டுக்காரர்.

"உள்ளடக்குறதுன்னா என்னங்க மிஸ்? கதவச் சாத்துறதா?"

ஒன்பது மணி வகுப்புக்கு ஒன்பது ஐந்துக்குக் கதவைச் சாத்துபவர் அவர். அந்த அளவில் படிவத்தில் பொய் இல்லை.

அதே வாரம் அவருடைய மாணவி ஒருத்தி, படிப்பை நிறுத்த அனுமதி கேட்டு என்னிடம் கடிதம் தந்தாள். பக்கத்துத் தில்லையடி ஊர்ப் பிள்ளை, வாப்பா உப்பளத்தில் வேலை. சின்ன வயதுக் காய்ச்சல் ஒன்றுக்குப் பிறகு அவளுக்கு வலது காது கேட்பதில்லை, இடது காது அரைவாசி. மிச்சத்தை வாயசைவு பார்த்து விளங்கிக்கொள்வாள். இரசாயனவியல் சேரோ கரும்பலகையைப் பார்த்துத்தான் கதைப்பார். பக்கத்தில் இருந்து குறிப்பு எழுதிக் கொடுத்த தோழி கலியாணமாகிக் கல்பிட்டிக்குப் போய்விட்டாள்.

"செவருக்கு எல்லாம் விளங்குது மிஸ். எனக்குத்தான் விளங்குதில்ல," என்றாள்.

கடிதத்தைப் பதினான்கு நாளுக்குள் மேலே அனுப்ப வேண்டும் என்பது விதி. நான் எதையும் வந்த அன்றே அனுப்புகிறவள். இதை மட்டும் பதினான்காம் நாள் அனுப்புவதாக நாட்குறிப்பில் எழுதிக்கொண்டேன்.

மறுநாள் அவருடைய வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். ஐம்பது நிமிடத்தில் அவர் இருபத்து மூன்று தடவை "விளங்குதா?" என்று பலகையைக் கேட்டார். இருபத்து நான்கு தடவை வகுப்பு "ஓம்" என்றது. கூடுதலான அந்த ஒன்று அவர் செருமியதற்கு.

வெளியே வந்ததும் பிள்ளையின் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்சம் திரும்பி நின்று கதைக்கலாமே என்றும் சொன்னேன்.

"மிஸ், நான் கேக்காம விடுறதில்ல. எல்லாரும் ஓம்னுதானே சொல்றாங்க? வெளங்காதவன் எதுக்குங்க ஓம்னு சொல்லப் போறான்?"

நியாயமான கேள்வி. அதற்கு விடை தேடத்தான் பதினோராம் நாள் ஒரு பயிற்சிப் பட்டறை வைத்தேன். அறிவித்தலில் "வளவாளர் ஒருவர் நடத்துவார்" என்று மட்டும் போட்டேன். கொழும்பிலிருந்து யாரோ வருகிறார் என்று அவர்களாகவே முடிவு செய்தார்கள். அதைத் திருத்துவது என் வேலையாகத் தோன்றவில்லை.

வளவாளரிடம் முன்னதாகவே கதைத்திருந்தேன். "உப்பு விளையிறதப் பத்தி இருபது நிமிஷம் படிப்பிக்கணும். ஆனா அச்சொட்டா சேர் மாதிரி."

"அல்லாஹ்! சேர் கோவிச்சா?"

"நிறுத்தப் போற ஆளுக்கு என்ன பயம்?"

கொஞ்சம் யோசித்தாள். "அதுஞ் சரிதான்," என்று சிரித்தாள்.

அன்று எட்டு விரிவுரையாளர்களும் அயன் பண்ணிய உடுப்பில் மாணவர் கதிரைகளில் இருந்தார்கள். கதவைத் திறந்துகொண்டு அவள் வந்தாள், சலாம் சொன்னாள், திரும்பிப் பலகையைப் பார்த்தாள். அதற்குப் பிறகு இருபது நிமிடம் அவளுடைய முகத்தை யாரும் காணவில்லை. பலகையில் உப்புப் பாத்திகளைப் படமாகக் கீறினாள். மேலே மின்விசிறி கடகடத்தது. அவள் சொன்னதில் பாதியை அது தின்றது. ஆங்கில விரிவுரையாளர் கையை உயர்த்தினார், உயர்த்தியபடியே வைத்திருந்தார், பிறகு அந்தக் கையால் தலையைச் சொறிந்தார்.

"விளங்குதா?" என்று பலகையைக் கேட்டாள்.

முதல் தடவை யாரும் வாய் திறக்கவில்லை. இரண்டாம் தடவை இரண்டு பேர் "ஓம்" என்றார்கள். மூன்றாம் தடவை எட்டுப் பேரும் சொன்னார்கள். மலைநாட்டுக்காரரின் "ஓம்"தான் உரத்துக் கேட்டது.

நான் எழுந்து வினாத்தாளைக் கொடுத்தேன். ஐந்து கேள்விகள். பரீட்சை உண்டென்று யாரும் சொல்லவில்லையே என்று முணுமுணுத்தார்கள். இதை மாணவர்கள் சொல்லும்போது நாங்கள் சொல்லும் 'எப்போதும் ஆயத்தமாக இருக்க வேண்டும்' என்ற பதிலையே நானும் சொன்னேன்.

அவள் விடைத்தாள்களை அங்கேயே திருத்தினாள். ஆகக் கூடிய புள்ளி ஐந்துக்கு இரண்டு. கடைசியாக ஒரு தாளை எடுத்தாள்.

"சேர், உப்பு கெதியா விளைய என்ன வேணும் எண்ட கேள்விக்குக் கச்சான் எண்டு எழுதிரிக்கீங்க. அது சரி."

இரசாயனவியல் சேர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஆனா அதுக்குப் பொறகு, 'கடைசிப் பாத்தியில் வறுத்த கச்சான் கடலை இடப்படும். அதன் எண்ணெய் நீரின் மேற்பரப்பில் மென்படலமாகப் பரவி வெப்பத்தைப் பேணும்' எண்டு எழுதிரிக்கீங்க."

"நீங்கதானே கச்சான் வேணும்னீங்க?"

"கச்சான் காத்து, சேர். இந்தக் கரைக்கு அடிக்கிற காஞ்ச காத்து. நீங்க கச்சானக் கேட்டிரிக்கீங்க, காத்தச் செவர் கேட்டிரிச்சி."

ஆங்கில விரிவுரையாளர் மேசையில் முகத்தை வைத்துக்கொண்டார், முதுகு குலுங்கியது. மலைநாட்டில் கச்சான் என்றால் கொறிக்கிற கடலை மட்டும்தான். ஆனால் காதில் விழுந்த அரைச் சொல்லுக்கு முழு விஞ்ஞானம் கட்டிய பழியை எந்த ஊரின் மேலும் போட முடியாது.

"அப்ப நீங்க எங்களப் பாத்துச் சொல்லியிருக்கணும்!" என்று சேர் குரலை உயர்த்தினார்.

உயர்த்திய பிறகுதான் தாம் சொன்னது அவருக்கே கேட்டது.

"உங்கட முதுகப் பாத்து ரெண்டு வருஷம் படிச்சன் சேர்," என்றாள், மெதுவாக. "அப்பிடித்தான் படிப்பிக்கிற எண்டு நெனச்சன்." பிறகு கேட்டாள்: "விளங்காட்டி ஏன் சேர் ஓம் எண்டீங்க?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "எல்லாரும் சொன்னாங்க. நா மட்டும் எப்பிடிங்க இல்லன்னு சொல்றது?"

போகும்போது, கச்சானுக்கு அரைப் புள்ளியாவது தர வேண்டும் என்று வாதாடினார். அவள் தரவில்லை.

பதின்மூன்றாம் நாள் மறுபடி அவருடைய வகுப்பில் கடைசி வரிசையில் இருந்தேன். வாயை மூடிக்கொண்டு பலகையில் எழுதினார். திரும்பினார். பிறகு கதைத்தார். பழக்கமில்லாததால் ஒருமுறை எழுதிய சோக்கட்டி கையில் இருக்க நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "விளங்குதா?" என்றார். "ஓம்" என்று வகுப்பு முழங்கியது. அவர் முன்வரிசையில் ஒருவனைக் காட்டி, "அப்ப நீங்க சொல்லுங்க பாப்பம்," என்றார். அதோடு வகுப்பில் ஓம் நின்றது.

அந்த அமைதிக்குள் அவள் எழுந்தாள். "விளங்கல்ல சேர்."

மறுபடி சொன்னார். "இன்னும் விளங்கல்ல சேர்." மூன்றாம் தரம் மேசையில் இருந்த தண்ணீர்ப் போத்தலைக் கையில் எடுத்து, அதைச் சாய்த்தும் நிமிர்த்தியும் விளக்கினார். இப்போது அவளோடு சேர்ந்து இன்னும் பத்துப் பதினைந்து பேர் குனிந்து எழுதத் தொடங்கினார்கள். இரண்டு வருடமாக ஓம் சொல்லி வந்தவர்கள்தான்.

பதினான்காம் நாள் காலை பத்து மணிக்கு அவர் என் அலுவலகத்துக்கு வந்தார். கதிரையில் இருக்காமலே கேட்டார்.

"மிஸ், ஒரு மணித்தியாலத்துல அரைப் பக்கம்தான் முடிஞ்சுது. ஒன்பது வாட்டி விளங்கலன்னு எழும்புது அந்தப் புள்ள. படிப்ப நிறுத்தப் போகுதுன்னு சொன்னீங்களே, அது எப்பங்க?"

"எட்டரைக்கு வந்து தந்த கடிதத்தத் திருப்பி வாங்கிட்டுப் போயிட்டா சேர்," என்றேன். "நாளையிலருந்து முன் வரிசையில இடம் கேட்டிருக்கா. உங்கட மேசைக்கு நேர."